உழைப்பவர் காணாத தராசு

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் அமைந்துள்ள சிற்றூர் கொட்டச்சேடு. சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றியது 1820களில், காக்பர்ன் சேலம் ஆட்சியராக இருந்த காலத்தில். அரபிக்கா காப்பிக்கு இன்று நியூயார்க் சந்தையே விலை வைக்கிறது. ஆயினும் எடைக்குக் கூலி பேசும் தோட்டங்களில், பறித்த பழம் மாலையில் பறித்தவர் கண்ணெதிரே நிறுக்கப்படுகிறது. சந்தை தொலைவில் இருக்கலாம். தராசு அருகில் இருக்கிறது.

இத்தகைய மலையூர்களில் படித்த பிள்ளைகள், ஊரை விட்டுப் போகாமலே இணையத்தின் வழி பொருளீட்ட விரும்புவது இயல்பானதே. அவ்விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. அங்கே தராசு யார் கையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் நேர்மையான வழிகளைப் பார்ப்போம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதில் சேரும் தொகை 100 டாலரை எட்டும்வரை கைக்கு வருவதில்லை. யூடியூப் நிறுவனம் 2018 ஜனவரியில் தன் விதியை மாற்றி, விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றது. அதுவரை சிறு தொகை பெற்று வந்த பலர் ஓர் அறிவிப்பில் வெளியேற்றப்பட்டனர். விளம்பரத்தின் விலையோ ஏலத்தில் முடிவாகிறது. பார்ப்பவரின் நாடும் மொழியும் அதை ஏற்றும், இறக்கும். எண்ணுவதும் விதிப்பதும் ஒரே தரப்பு. உழைத்தவர் காண்பது அத்தரப்பு காட்டும் கணக்கை மட்டுமே.

இரண்டாவது வகை முற்றிலும் வேறு. 2024 ஜனவரி 29 அன்று கோவை நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கைபேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று அறிவித்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது காவல்துறை வழக்குப் பதிந்ததைக் கண்டித்தே அக்கூட்டம் கூடியது. உறுப்பினர் கட்டணம் உயர உயர வருமானமும் உயரும். புதியவரைச் சேர்த்தால் மேலும் கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் அத்திரளே நமக்கொரு பாடம்: ஒழுங்காகப் பணம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழவில்லை.

டெலிகிராம் வழி வரும் ‘பகுதிநேர வேலை’யும் இவ்வாறே தொடங்குகிறது. சில காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் முதலில் நூறோ இருநூறோ உண்மையாகவே வரும். அடுத்த வேலைக்கு முன்பணம் கேட்பர். பின்னர் அதை மீட்கவே மேலும் பணம் கேட்பர். வேலை கேட்டுப் போனவர் கடன்காரராகத் திரும்புகிறார்.

நம் ஃபிக்ஹ் நூல்கள் இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோலைத் தந்துள்ளன. ‘இஜாரா’ என்னும் கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் அறியப்பட்டவையாக இருத்தல் வேண்டும். பெறுவது இன்னதென்று அறியமுடியாத பேரம் ‘ஃகரர்’ எனப்படும். அதனை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அளவில் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அமைந்துள்ளது. தராசு மறைவாக இருப்பது சிறிய பிழையன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆகவே இணைய வேலையில் இறங்குமுன் சிலவற்றை வினவ வேண்டும். இந்த உழைப்பால் பயன் பெறுபவர் யார்? அவர் ஏன் எனக்குக் கூலி தர வேண்டும்? அளவை நான் சரிபார்க்க வழியுண்டா? கூலி தரவேண்டியவர் என்னிடமே பணம் கேட்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால் விலகிவிடுவதே அறிவுடைமை. பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமும், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. ஏமாந்தவர் வெட்கத்தால் வாய் மூடி இருத்தல் கூடாது. தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிட்டால், பணம் கைமாறிப் போகுமுன் முடக்க வாய்ப்புண்டு.

மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல், வடிவமைப்பு எனக் கற்ற தொழிலை இணையத்தின் வழி அறிந்த ஒருவருக்குப் பேசிய கூலிக்குச் செய்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களது வருவாய் மெல்லவே வளர்கிறது. எனினும் எதற்காகப் பெற்றோம் என்பதை அவர்களால் தம் பிள்ளைகளிடம் சொல்ல முடிகிறது.