கையெழுத்துக்கு முன் – 7: வழக்கு எந்த ஊரில்?

ஓசூர் பேகேப்பள்ளியில் ஒரு சி.என்.சி. லேத்தும் இரண்டு ஆட்களுமாகத் தொழில் நடத்துகிறவர் கைக்கு பர்ச்சேஸ் ஆர்டர் வருகிறது. அவர் முதலில் எதைப் பார்ப்பார்? எத்தனை பீஸ், என்ன ரேட், எந்தத் தேதிக்குள் டெலிவரி, எத்தனை நாளில் பேமென்ட். நான்கும் முன்பக்கத்திலேயே இருக்கும். தாளைத் திருப்பினால், சாம்பல் மையில் பொடிப்பொடியாக நிபந்தனைகள். அநேகமாகக் கடைசியில் இப்படி ஒரு வரி: ‘எல்லா வழக்குகளும் பெங்களூரு நீதிமன்றங்களின் அதிகார எல்லைக்கு உட்பட்டவை.’ ரேட்டுக்காக ஒரு வாரம் பேரம் பேசுகிறவர்கள்கூட இந்த வரிக்காக ஒரு நிமிடம் பேசுவதில்லை. பணம் நின்றுபோகும்போது மற்ற வரிகளைவிட இதுதான் அதிகம் வலிக்கும்.

அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்ததும் அவற்றைச் சுற்றி வளர்ந்தவைதான் ஓசூரின் சிறு பட்டறைகள். இன்று அவற்றில் பலவற்றுக்கு பார்ட்டிகள் எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதன் பிறகு பொம்மசந்திரா, ஜிகனி, எலெக்ட்ரானிக் சிட்டி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடி போனது, சி ஃபார்ம் வாங்க அலைவதும் பெரும்பாலும் முடிந்தது. சரக்கைப் பொறுத்தவரை எல்லை லேசாகிவிட்டது. வழக்கைப் பொறுத்தவரை அது அப்படியே நிற்கிறது. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அறிமுகமில்லாத வக்கீல், கன்னடத்தில் நடக்கும் அலுவல், வாய்தாவுக்கு வாய்தா பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகும் நாள்கள் என்று கணக்குப் போட்டால், இரண்டு லட்சம் ரூபாய் பாக்கிக்காக வழக்குப் போடும் தெம்பு யாருக்கும் வராது. பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறவருக்கு இது நன்றாகவே தெரியும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு உண்டு. சேலத்து வணிக நிறுவனம் ஒன்று, குஜராத்தின் கைராவில் இருந்த ஏ.பி.சி. லேமினார்ட் நிறுவனத்திடம் ஜரிகை நூல் வாங்க 1974-ல் ஒப்பந்தம் போட்டது. வழக்குகள் கைரா எல்லைக்கு உட்பட்டவை என்று அதில் ஒரு வரி. தகராறு வந்ததும் சேலத்துக்காரர்கள் சேலம் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இங்கே வழக்கு நடக்கலாமா, கூடாதா என்ற கேள்வி மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-ல்தான் முடிந்தது. ‘மட்டும்’ என்பது போன்ற சொல் அந்த வரியில் இல்லாததால் சேலத்தில் நடத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் போட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அதுவரை முடிவானது ஊர்தான். பணத்தைப் பற்றிய விசாரணை அதன் பிறகு.

இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டவர்கள், ‘எங்கள் ஆர்டரில் மட்டும் என்ற சொல் இல்லையே’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. ராஜஸ்தான் நிறுவனம் ஒன்று இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் கொல்கத்தா நீதிமன்றங்கள் என்று எழுதியிருந்தது. ‘மட்டும்’ என்று எழுதாவிட்டாலும், ஓர் ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்கியதாகத்தான் அர்த்தம் என்பது தீர்ப்பு. அந்த ஊர் நீதிமன்றத்துக்கு வழக்கோடு இயல்பாகவே தொடர்பு இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வாங்குகிறவரின் ஆபீஸ் பெங்களூரில் இருக்கும்போது அந்தத் தொடர்பு எளிதில் அமைந்துவிடும்.

இதற்குப் பதிலாக நம் பில்லின் அடியில் ‘ஓசூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் நம்ப முடியாது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பர்ச்சேஸ் ஆர்டரை, பின்னால் போகும் பில் தானாக மாற்றிவிடாது.

சரி, கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இனி வழியே இல்லையா? இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பலர் நினைப்பதைவிட வலுவானது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. ஆர்டரில் ‘90 நாள் கிரெடிட்’ என்று இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும்.

இதைவிட முக்கியம் 18-வது பிரிவு. பணம் வராதவர் மாநில வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். இணையதளம் வழியாகவே மனு போடலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்றவர் இருக்கும் இடத்து மன்றமே விசாரிக்கும். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்கியவர், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஏற்பாடு இருந்தாலும் இந்த மன்றத்துக்குப் போகலாம் என்று மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நமக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு 2025 மே மாதம் வந்தது. இஸ்ரோவுடன் டெல்லி நிறுவனம் ஒன்று போட்ட ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணை பெங்களூரில் என்று இருந்தது. ஹர்சரண் தாஸ் குப்தா வழக்கு என்று பெயர். அந்த வரியைத் தாண்டி, சிறு நிறுவனம் இருக்கும் டெல்லியிலேயே விசாரணை நடக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பர்ச்சேஸ் ஆர்டரில் பெங்களூரு என்று பார்த்ததும் மனம் தளர்ந்துவிடும் ஓசூர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு சாவி உண்டு: உத்யம் பதிவு. ஆர்டரை ஏற்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால், பழைய பில்களுக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காது. அரசு இணையதளத்தில் பதிவு இலவசம்; ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை.

செக் விஷயத்திலும் ஊர் முக்கியம். 2015-ல் வந்த திருத்தத்தின்படி, நம் கணக்கில் போட்ட செக் திரும்பினால், நம் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேதான் வழக்கு. பார்ட்டிக்கு வசதி என்று பெங்களூரில் கணக்கு வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும்.

‘புகார் கொடுத்தால் பார்ட்டி போய்விடுவாரே’ என்ற பயம் நியாயமானது. ஒரே கம்பெனியை நம்பி மெஷினுக்கு லோன் எடுத்தவரிடம் போய் வழக்குப் போடு என்று சொல்வது சுலபம். அதனால்தான் சண்டை வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை முக்கியமாகின்றன. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். டெலிவரி சலானில் கேட்டில் போடும் இன்வேர்ட் சீலும் தேதியும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சரக்கு இறங்கிய அன்றே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். முதல் லோடு போகும் முன், ‘வழக்கு எல்லை கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றங்கள் என்று மாற்றித் தாருங்கள்’ என்று பணிவாக ஒரு மெயில் அனுப்புங்கள். ஒப்புக்கொண்டால் திருத்திய ஆர்டரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மறுத்தால், எந்த ஊரில் போராட நேரும் என்பது தெரிந்தே கையெழுத்திடுவீர்கள். கிரெடிட்டை எவ்வளவு நீட்டலாம் என்பதையும் அதற்கேற்ப முடிவு செய்வீர்கள்.

அடுத்த வாரம்: மூன்று மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டை என்ன செய்வது?