ஆலை வாசலில் காத்திருப்பவர்களுக்கு யார் சொல்வது?

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை அதிகாலை. ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளி அருகே, நாகமங்கலத்தில் உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. ஐபோனுக்கான பாகங்கள் தயாராகும் இடம் அது. ரசாயனங்கள் வைத்திருந்த பகுதியில் எழுந்த தீ கரும்புகையாக வானத்தை மூடியது. ஷிப்டில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை, புகையால் மூச்சுத் திணறிய சிலருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஊழியர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள், தீக்கான காரணம் விசாரிக்கப்படுகிறது என்று நிறுவனம் அன்றே அறிக்கை வெளியிட்டது. அடுத்து வந்த அறிவிப்பில், ஆலை நின்றிருக்கும் நாட்களுக்கும் அனைவருக்கும் முழுச் சம்பளம் உண்டு என்று சொன்னது.

கவனிக்க வேண்டியது அந்தச் சம்பள அறிவிப்பைத்தான். விபத்து நடந்த ஆலையின் தொழிலாளிக்கு முதல் நாள் உயிர்பயம், மறுநாள் வேலைபயம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், அறை வாடகை கட்ட வேண்டும், கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடுவாரா என்று தெரியாது. அந்தக் கவலை வாட்ஸ்அப்பில் வதந்தியாக மாறுவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது.

அதே நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில், 2025 நவம்பர் தொடக்கத்தில் நிலைமை வேறு மாதிரி ஆனது. குளியலறையில் ரகசியக் கேமரா இருப்பது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் வெளியே வந்து போராடினார்கள். ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பெண் தொழிலாளி கைதானார். அவருடைய ஆண் நண்பரும் பிறகு சிக்கினார். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் நேரில் வந்து பேச வேண்டியிருந்தது. பெற்றோர் சிலர் வந்து மகள்களை ஊருக்கு அழைத்துப் போனார்கள். எத்தனை கேமரா, எத்தனை நாளாக, படங்கள் யார் யாரிடம் போயின என்பவை அந்தப் பெண்களின் உயிரைப் பிடுங்கும் கேள்விகள். குற்றவாளியைப் பிடிப்பது போலீஸின் வேலை. ஆனால், தகவல் வந்த அந்த மணி நேரத்திலேயே பெண்களைக் கூட்டி, என்ன தெரியும், என்ன தெரியாது, எந்தெந்த அறைகளைச் சோதிக்கப் போகிறோம் என்று சொல்வது, அவர்களை அங்கே தங்க வைத்தவர்களின் வேலை.

இதற்கு முன்பே தமிழ்நாடு ஒரு பாடம் படித்திருந்தது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உடன் தங்கியிருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து போகும் அதே சாலை. வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதானார்கள். ஆலை ஜனவரி 12 வரை திறக்கவில்லை. விடுதி அறைகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. யாரும் இறக்கவில்லை. எந்தப் பெண் எந்த மருத்துவமனையில் இருக்கிறாள் என்ற ஒரு பட்டியலை அன்று காலையிலேயே விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் பெரும் பதற்றம் அடங்கியிருக்கும்.

பட்டியல் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஓசூர் வட்டாரத்தில் அது சின்ன விஷயம் அல்ல. சிப்காட் வளாகங்களில் தருமபுரி, திருவண்ணாமலைப் பிள்ளைகளோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் வேலை செய்கிறார்கள். உள்ளூரிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்கள் கம்பெனிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் கான்ட்ராக்டர் நோட்டில் வேறு விதமாகவும் இருக்கும். பெருங்காயம் பட்டவர்களைப் பல நேரம் பெங்களூருக்கு ஏற்றிப் போகிறார்கள். ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் அப்பா, எந்த மாநிலத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது?

எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தக் கேள்வி குரூரமாக எழுந்தது. 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் பற்றி எரிந்தன. அன்று மட்டும் 14 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் பின்னர் இறக்க, எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி நேரத்தில் நாலு காசு சம்பாதிக்க வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி மாவட்டம் அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து பல பேர். விபத்து கர்நாடகத்தில், குடும்பம் தமிழ்நாட்டில், வழக்கு அங்கே, இறுதிச் சடங்கு இங்கே. இரண்டு அரசுகளும் நிவாரணம் அறிவித்தன. அந்தக் கிடங்கில் அன்று எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று காட்டும் ஒரு வருகைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் முன்னால் தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். பக்கத்து ஓட்டல் இடிந்தது, வீடுகள் சேதமாயின. காரணம் ஓட்டல் சிலிண்டரா, பட்டாசா என்று பல நாள் விவாதம் நடந்தது. பக்கத்துக் கட்டடத்தில் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை, அங்கே டீ குடிக்க உட்கார்ந்தவருக்கு இருந்ததா என்று அந்த விவாதத்தில் யாரும் உரக்கக் கேட்கவில்லை.

அபாயகரமான ரசாயனங்களைப் பொறுத்தவரை இருந்தது என்றுதான் சட்டம் சொல்கிறது. 1984ல் போபாலில் விஷவாயு கசிந்த இரவில், ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்ற எளிய செய்திகூட மக்களிடம் போய்ச் சேரவில்லை. மருத்துவர்களுக்கே எந்த வாயு என்று தெரியவில்லை. அதன் பிறகு 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலை, அங்குள்ள ஆபத்துகளையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றி வாழும் பொதுமக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். அவசரகாலத் திட்டம் வகுத்து அதையும் அறியச் செய்ய வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நலம் பற்றிய புதிய சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. தொழிலாளி தன் பாதுகாப்பு பற்றிய விவரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்திடம் சொல்வதோடு, அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம்.

இதற்கு அப்பால் இரண்டு விதித் தொகுப்புகள் இருக்கின்றன. 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலை தன் வளாகத்துக்கான அவசரத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். மதில் சுவருக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு விதிகள் மத்தியம், மாநிலம், மாவட்டம், வட்டாரம் என நான்கு நிலைகளில் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. வட்டாரக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது முழு ஒத்திகை நடத்த வேண்டும். பொதுமக்கள் கேட்டால் இந்தக் குழுக்கள் தகவல் தர வேண்டும்.

ஏட்டில் இருப்பது களத்தில் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை விசாகப்பட்டினம் காட்டியது. 2020 மே 7 அதிகாலை எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு விசாரித்தபோது, ஆலையில் 36 இடங்களிலிருந்து சங்கை ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தும், ஒரு இடத்திலிருந்துகூட அது ஒலிக்கவில்லை என்று தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊருக்கு மூக்குதான் சேதி சொன்னது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோதும் அப்படியே. மீனவக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தத் திசை பாதுகாப்பு என்று தெரியாமலே ஓடின. வாயுக் கசிவின்போது காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும், காற்று போகும் திசையில் ஓடக் கூடாது என்பதை ஒரே ஒரு ஒத்திகையில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

நெருக்கடி வந்தபின் பேசக் கற்றுக்கொள்ள முடியாது. சின்னதோ பெரியதோ, ஓசூர் வட்டார நிறுவனம் ஒன்று முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. ஷிப்டில் உள்ளே இருக்கும் ஒவ்வொருவர் பெயரும், கான்ட்ராக்ட் ஆட்களும் கேன்டீன் ஆட்களும் லாரி டிரைவரும் உட்பட, ஆலைக்கு வெளியே இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். குடும்பத்தினர் அழைக்க ஒரு தொலைபேசி எண்; அதை எடுப்பவருக்குத் தமிழோடு இந்தியோ ஒடியாவோ தெரிந்திருக்க வேண்டும். பேசுவது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். மும்பையிலிருந்து ஆங்கிலத்தில் வரும் நான்கு வரி அறிக்கை, பங்குச் சந்தைக்குப் போதும், உத்தனப்பள்ளிக்குப் போதாது. விடுதி வார்டன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் முதலில் தகவல் போக வேண்டும், ஏனென்றால் பயந்த பெண் முதலில் கேட்பது அவர்களைத்தான். எல்லையோரத்தில் அவசர எண்ணுக்குப் போகும் அழைப்பு பக்கத்து மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடக்கூடும் என்பதால், அருகிலுள்ள தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் இரண்டின் நேரடி எண்களும் கேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

என்ன சொல்வது என்பதிலும் ஒழுங்கு உண்டு. நடந்தது என்ன, யாருக்கு என்ன ஆயிற்று, இப்போது என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் சொன்ன மணிக்கு மறுபடி வந்து நிற்க வேண்டும். காரணம் தெரியும் முன்பே ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று சொல்வது, பேச வாயில்லாதவர் மேல் பழி போடுவது. ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று அறிக்கை விடும்போது ஜன்னலுக்கு வெளியே புகை தெரிந்தால், அதற்குப் பிறகு அந்த நிறுவனம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வதந்திக்கும் மருந்து இதுவே. 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு காவல்துறை உடனுக்குடன் மறுத்தது, அதிகாரிகள் தொழிலாளர்களிடம் நேரில் பேசினார்கள், பீகாரிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். தொழிலாளர்களின் கலக்கத்தைத் தணித்தது அவர்களுக்குப் புரியும் மொழியில் வந்த பதில். பொய் பரப்புவது குற்றம் என்பதைக் காட்டி, ‘என்ன நடந்தது’ என்று கேட்கும் தொழிலாளியை மிரட்டுவதற்கு எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.

பாதிக்கப்பட்டவர்கள் எங்கே போவது? ஆலைப் பாதுகாப்பு பற்றிய புகாருக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. பேரிடர் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. விடுதியிலோ கம்பெனி பஸ்ஸிலோ நடக்கும் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம்; காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்க இடமுண்டு. உள்ளகக் குழு இல்லாத இடத்தில் மாவட்ட அளவிலான குழு. ரகசியமாகப் படம் எடுப்பது தனிக் குற்றம். அதற்கு நேரடியாகக் காவல் நிலையம் போகலாம், பெண்கள் உதவிக்கு 181, படம் இணையத்தில் பரவும் அச்சம் இருந்தால் சைபர் குற்றப் பிரிவின் 1930. கேமராவைக் கண்டெடுத்தவர் அதைத் தொட்டுக் குடையாமல், இருந்த இடத்திலேயே விட்டுப் போலீஸை அழைப்பது வழக்குக்குப் பலம்.

ஊர்க்காரர்களுக்கு இருக்கும் வழி பலருக்குத் தெரியாதது. அபாயகரமான பொருளால் ஏற்பட்ட விபத்தில் ஆலைத் தொழிலாளி அல்லாத ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, சொத்து சேதமானாலோ, 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. விண்ணப்பிக்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. விபத்து நடந்ததை ஆட்சியரே விளம்பரப்படுத்தி விண்ணப்பங்களை வரவழைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

விபத்து நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சிப்காட்டை ஒட்டிய ஊராட்சிகள் மே 1 கிராம சபையிலேயே கேட்கலாம்: நம் எல்லைக்குள் எந்தெந்த ஆலைகளில் ஆபத்தான ரசாயனம் இருக்கிறது, அவசரத் திட்டத்தின் நகல் எங்கே, கடைசி ஒத்திகை எப்போது, சங்கு எப்படி ஒலித்தால் என்ன பொருள். பதில் வராவிட்டால் அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில்.