தண்ணீருக்கு வழிவிடும் சுவர்

காணி திரும்பக் கிடைத்ததும் நம்மிற் பலர் முதலில் எண்ணுவது கூரையைப் பற்றியே. ஆனால் வீட்டின் ஆயுள் மண்ணுக்குள் மறையும் பகுதியிலேயே தங்கியுள்ளது. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்குக் குடும்பங்களுக்கு வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. இத்தகைய உதவியில் முதலிற் செலவாவது அத்திவாரத்துக்கான பணமே. அங்கே நேரும் பிழையைப் பின்னர் திருத்துவது கடினம். ஆகவே எல்லாவற்றையும் மேசனிடம் விட்டுவிடாமல், நாமும் சிலவற்றை அறிந்திருப்போம்.

மண்ணைப் பார்ப்போம்

நெல்லுக்கு நல்ல மண் வீட்டுக்கும் நல்லதென்று கொள்ள முடியாது. மன்னார் முருங்கன் பகுதியின் கருங்களி மழையில் பொருமும், கோடையில் வெடிக்கும். அதன் மேலாக இருக்கும் அத்திவாரம் ஏறி இறங்கிச் சுவர்கள் பிளக்கும். கோடையில் வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். அத்திவாரக் குழி அதற்குக் கீழே, ஈரம் மாறாத இறுகிய மண்வரை போக வேண்டும். சுவர்களுக்கு அடியில் வீட்டைச் சுற்றிக் கம்பியிட்ட கொங்கிறீற்று வளையம் போடுவதும் அவசியம்.

அத்திவாரச் சுவரும் மண்ணைத் தாங்குகிறது

வெள்ளத்துக்காக நிலமட்டத்தை 2 அடி உயர்த்தி உள்ளே மண் நிரப்பினால், அம்மண் சுவரை வெளியே தள்ளும். ஆகவே கட்டிய சுவரை ஒரு வாரமாவது நனைத்து இறுகவிட்ட பின்னரே நிரப்ப வேண்டும். 6 அங்குலப் படையாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும்.

சரிவான வளவில் தாங்குசுவர்

மண் வெட்டி மட்டப்படுத்திய வளவில் தாங்குசுவர் தேவைப்படும். இதற்குப் பெரும் எதிரி பின்னால் தேங்கும் தண்ணீரே. 3 அடி உயரத்துக்குத் தேங்கிய நீர், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறக்குறைய 127 கிலோ பாரத்தால் தள்ளும். அதுவே 6 அடியானால் 510 கிலோ. உயரம் இரு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்காகும். மண்ணின் தள்ளுதல் இதற்கு மேலதிகம்.

எனவே:

1. சுவரின் அடியில், ஏறக்குறைய 5 அடிக்கு ஒன்றாக 2 அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சாய்வாக வையுங்கள்.

2. சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குக் களியை இடாமல் சல்லியை நிரப்புங்கள்.

3. மேலிருந்து வரும் மழைநீரைச் சிறு வாய்க்காலால் வேறுபக்கம் திருப்புங்கள்.

4. கருங்கற் சுவரானால் அதன் அடி அகலம் உயரத்தின் பாதிக்குக் குறையக் கூடாது.

5. அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டும் கொங்கிறீற்றுச் சுவரில் முக்கிய கம்பிகள் மண் இருக்கும் பக்கமாக வர வேண்டும். அந்தப் பக்கமே இழுபட்டு வெடிக்கும்.

4 அடிக்கு மேற்பட்ட சுவரைக் கணக்குப் பார்க்காமல் கட்ட வேண்டாம். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மலைநாட்டில் மண்சரிவு அபாயமுள்ள இடமானால், கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். குழியையும் கம்பியையும் மூடுவதற்கு முன்னரே அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய பின் எவராலும் பார்க்க முடியாது.