கலந்தும் கலவா நீர்மங்கள்

ஆல்கஹாலும் நீரும் எவ்விகிதத்திலும் ஒன்றாய்க் கலக்கும். எண்ணெயும் நீரும் ஏறத்தாழக் கலப்பதேயில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை பகுதியளவு கலக்கும் நீர்மங்கள். பீனால்–நீர் அமைப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

20° செல்சியஸில் நீருடன் பீனாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், கரைசலின் நிறையில் ஏறத்தாழ 8 விழுக்காடு வரை அது முழுமையாகக் கரைகிறது. மேலும் சேர்த்துக் குலுக்கினால் கலவை பால்போல் கலங்கி, பின்னர் இரண்டு அடுக்குகளாகப் பிரிகிறது. மேலடுக்கு பீனால் கரைந்த நீர். கீழடுக்கு நீர் கரைந்த பீனால். கீழடுக்கில் பீனால் ஏறத்தாழ 72 விழுக்காடு உள்ளது. இவை இணைக் கரைசல்கள் எனப்படும்.

வெப்பநிலை மாறாதவரை இவ்வடுக்குகளின் இயைபு மாறுவதில்லை. அவற்றின் அளவு மட்டுமே மாறுகிறது. 50 கிராம் பீனாலையும் 50 கிராம் நீரையும் கலந்தால், கீழடுக்கு ஏறத்தாழ 66 கிராமும் மேலடுக்கு 34 கிராமும் இருக்கும். மொத்தக் கலவையில் பீனால் 72 விழுக்காட்டைக் கடந்தால் மீண்டும் ஒரே அடுக்கு உருவாகிறது.

வெப்பப்படுத்தும்போது இரு அடுக்குகளின் இயைபுகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 50° செல்சியஸில் அவை முறையே ஏறத்தாழ 12, 63 விழுக்காடுகளாகின்றன. ஏறத்தாழ 66° செல்சியஸில் எல்லைக்கோடு மறைகிறது. இதுவே உயர் நிலைமாறு கரைசல் வெப்பநிலை. இதற்கு மேல் இரண்டும் எவ்விகிதத்திலும் கலக்கும்.

பீனாலின் ஹைட்ராக்சில் தொகுதி நீரை ஈர்க்கிறது. பென்சீன் வளையமோ நீருடன் இணங்குவதில்லை. வெப்ப இயக்கம் மிகும்போது மூலக்கூறுகள் தம் இனத்தோடு மட்டும் திரண்டு நிற்க இயலாமல் கலக்கின்றன. டிரைஎத்தில் அமீன்–நீர் அமைப்பு இதற்கு நேர்மாறானது. தாழ்ந்த வெப்பநிலையில் ஹைட்ரஜன் பிணைப்பால் கலந்திருக்கும் இவை, ஏறத்தாழ 18.5° செல்சியஸுக்கு மேல் பிரியத் தொடங்குகின்றன. நிகோட்டின்–நீர் அமைப்பிற்கோ தாழ்ந்தது, உயர்ந்தது என இரு நிலைமாறு வெப்பநிலைகளும் உண்டு.

இவ்வறிவு மருந்தகத்தில் இன்றியமையாதது. நிறையில் 80 விழுக்காடு பீனால் கொண்ட கரைசல் அறை வெப்பநிலையில் ஒருபடித்தானது. அதில் கவனமின்றிச் சிறிது நீர் கூடுதலாகச் சேர்ந்தால் இரு அடுக்குகள் தோன்றும். அப்போது மேலிருந்து எடுக்கும் துளியைக் காட்டிலும் கீழிருந்து எடுக்கும் துளியில் பீனால் ஒன்பது மடங்கு இருக்கும். பீனால் தோலை அரிக்கும் பொருளாதலால், குப்பியில் தோன்றும் சிறு கலங்கலும் புறக்கணிக்கத்தக்கதன்று.