பழைய மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ப் பம்பு

நமது இதயம் உண்மையில் இரண்டு பம்புகள் சேர்ந்த ஓர் உறுப்பு என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கும், மறுபக்கம் உடலுக்கும் செலுத்துகிறது. சென்ற இரத்தம் திரும்பி வராமல் வால்வுகள் தடுக்கின்றன. இதைப் போன்ற ஓர் அமைப்பைப் பழைய மோட்டார் சைக்கிளிலும் காணலாம்.

இங்கிலாந்தில் மெரிடன் என்னும் ஊரில் 1960-களில் தயாரான டிரையம்ப் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றில் மசகு எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சினுள் உள்ள சிறிய பம்பில் இரண்டு பிளஞ்சர்கள் மேலும் கீழும் இயங்குகின்றன. ஒன்று தொட்டி எண்ணெயைக் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. மற்றொன்று, எஞ்சினின் அடியில் வடிந்த எண்ணெயை உறிஞ்சித் தொட்டிக்கே திருப்புகிறது.

அனுப்பும் பிளஞ்சரின் விட்டம் சுமார் 10 மி.மீ.; திருப்பும் பிளஞ்சரின் விட்டம் சுமார் 12 மி.மீ. பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? எனவே திருப்பும் திறன் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகிறது. அடியில் எண்ணெயோடு காற்றும் சேர்ந்து உறிஞ்சப்படுவதால் இந்த அதிகத் திறன் தேவைப்படுகிறது.

எது கெடுகிறது?

பிளஞ்சர்கள் எப்போதும் எண்ணெயில் நனைந்திருப்பதால் எளிதில் தேய்வதில்லை. தொல்லை தருவது பெரும்பாலும் ஒரு சிறிய எஃகுக் குண்டுதான். பிளஞ்சர் எண்ணெயைத் தள்ளும்போது குண்டு எழுந்து வழிவிடும். பின்வாங்கும்போது சுருள்வில் அதைத் தன் இருக்கையில் அமர்த்தி வழியை அடைக்கும். இடையில் ஒரு தூசி சிக்கினால் போதும். பிளஞ்சர் புதிய எண்ணெய்க்குப் பதிலாக, அனுப்பிய எண்ணெயையே திரும்ப இழுக்கும். பேரிங்கில் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உராயும். நிறுத்தி வைத்த வண்டியிலும் தொட்டி எண்ணெய் மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். தொட்டி குறைந்திருக்கிறதே என்று மேலும் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள்!

சோதனை

பம்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். உள்ளே எண்ணெய் நிரப்பிப் பிளஞ்சர்களை அழுத்துங்கள். வெளியேறும் துளைகளில் எண்ணெய் தோன்றும். இப்போது உள்வரும் துளைகளை விரலால் மூடிக்கொண்டு பிளஞ்சர்களைச் சற்றே மேலே இழுங்கள். வெளித்துளையில் எண்ணெய் மட்டம் இறங்கினால் அந்தக் குண்டு சரியாக அமரவில்லை என்று பொருள்.

மூடியைத் திறந்து குண்டையும் இருக்கையையும் துடையுங்கள். பிறகும் கசிந்தால், குண்டை இருக்கையில் வைத்து, பித்தளைத் தண்டொன்றை அதன்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே ஒரு முறை தட்டுங்கள். இருக்கையில் குண்டின் வடிவம் பதியும். பின் புதுக் குண்டும் புதுச் சுருள்வில்லும் இடுங்கள்.

பிளஞ்சரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் பம்பையே மாற்ற வேண்டும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பிளஞ்சருக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனை விடக் குறைவு. பிளஞ்சர்களை இயக்கும் சிறிய நழுவு கட்டையையும் பாருங்கள். அது தேய்ந்தால் பிளஞ்சரின் ஓட்டம் குறையும். இதற்குப் புதுக் கட்டை போட்டால் போதும்.

கடைசிச் சான்று

பம்பில் எண்ணெய் நிரப்பியே பொருத்துங்கள். காற்று இருந்தால் எண்ணெய் ஏறாது. அடியிலுள்ள கேஸ்கெட்டின் துளைகள் நேராக இருக்கட்டும். எஞ்சினை இயக்கித் தொட்டியின் மூடியைத் திறந்தால், திரும்பும் குழாயில் எண்ணெய் விழுவது தெரியும். உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அது முன்பே அடியில் தேங்கிய எண்ணெயாக இருக்கலாம். சில நிமிடங்களுக்குப் பிறகும் விழுந்துகொண்டே இருக்கிறதா? அனுப்பாமல் திரும்புவது எப்படி? அப்போதுதான் இரண்டு பிளஞ்சர்களும் வேலை செய்கின்றன என்று நம்பலாம்.