குளத்தில் முங்கினால் மூளைக்கு என்ன ஆபத்து? மூக்கில் இருக்கு பதில்!

லீவுக்கு ஊருக்குப் போனால் முதல் வேலை குளத்தில் ஒரு முங்கல். குளத்தூர், பாறசாலைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் 2024 ஜூலையில், நெய்யாற்றின்கரை அருகே கண்ணறவிளையில், குளத்தில் குளித்த 27 வயது இளைஞர் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தார். அதே குளத்தில் குளித்த வேறு சிலருக்கும் நோய் வந்தது. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்கள்.

சரி, குளத்துத் தண்ணி மூளைக்கு எப்படிப் போகுது?

நரம்புச் செல்லின் அமைப்பில்தான் விடை. நடுவில் செல்லின் உடல். சேதி வாங்க, மரக்கிளை மாதிரி டென்ட்ரைட்டுகள். சேதியைக் கடத்த, ஆக்ஸான் என்ற நீண்ட இழை. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் ஆக்ஸான் ஒரு மீட்டர்கூட இருக்கும். மூளையில் மட்டும் இப்படிச் சுமார் 8,600 கோடி செல்கள், மண்டை ஓட்டுக்குள் பத்திரமாக.

மூக்கு மட்டும் விதிவிலக்கு. வாசனை அறியும் நரம்புச் செல்களின் நுனி, மூக்கின் உச்சியில் வெளிக்காற்று படும்படி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் ஆக்ஸான்கள், சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பின் ஓட்டைகள் வழியாக நேரே மூளைக்குள் போகின்றன. 'மூளையைத் தின்னும் அமீபா' என்கிறார்களே, அந்த நெக்லேரியா ஃபௌலேரி ஏறுவது இந்த வழியில்தான். அதனால்தான் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது, மூக்கில் ஏறினால் வரலாம்.

நரம்புச் செல்களுக்குத் துணையாக க்ளியா செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல்களைவிட 10 மடங்கு என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். உண்மையில் கிட்டத்தட்ட சம எண்ணிக்கைதான். ஆஸ்ட்ரோசைட், ரத்தக்குழாயிலிருந்து நரம்புச் செல்லுக்குச் சத்து கொண்டுவரும். ஒலிகோடென்ட்ரோசைட், கரண்ட் ஒயருக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை போல ஆக்ஸானைச் சுற்றி மையலின் உறை போடும். சேதி வேகமாக ஓடுவது இதனால்தான். மைக்ரோக்ளியா காவல்காரர்.

சிக்கல் காவல்காரரிடமும் உண்டு. அமீபா நுழைந்ததும் மைக்ரோக்ளியாவும் ரத்த வெள்ளணுக்களும் மொத்தமாகக் கிளம்ப, மூளை வீங்கும். மண்டை ஓடு விரிந்துகொடுக்காதே! உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அமீபா தின்பதோடு இந்த வீக்கமும் சேர்ந்துதான் ஆளைக் கொல்கிறது. நெக்லேரியா தாக்கியவர்களில் சுமார் 97 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள்.

ஆனாலும், இப்படித் தொற்று வருவது மிக அரிது. தேங்கிய, வெதுவெதுப்பான தண்ணீரில் தலைகீழாகக் குதிக்காதீங்க, மூக்கில் கிளிப் போடுங்க. குளித்து 12 நாளுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டியது: "குளத்துல குளிச்சேன்."