பழைய தபால்தலைக்கு என்ன விலை?

தபால்தலைக்கு வயது கூடினால் மட்டும் விலை கூடிவிடாது. உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் இங்கிலாந்தில் 1840 மே மாதம் வெளிவந்தது. ஏறத்தாழ 6.8 கோடி அச்சானதால், முத்திரை விழுந்த சுமாரான பென்னி பிளாக் இன்றும் தேடுபவர்களுக்குக் கிடைக்கிறது. 1856-இல் வந்த பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா உலகில் ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டிருக்கிறது. 2014-இல் நியூயார்க்கில் அது ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2021-இல் 83 லட்சத்துக்கே போயிற்று. அபூர்வமான பொருளுக்கும் விலை இறங்கும்.

இந்தியச் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி வரிசையை: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சடிக்கப்பட்டவை இவை. பத்து ரூபாய் அந்நாளில் பெரும்பணம். சாதாரணக் கடிதத்துக்கு அதை யாரும் ஒட்டவில்லை. வரிசையில் மதிப்பு மிகுந்ததும் அதுதான். கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட பத்து ரூபாய்த் தலைகள் வெறும் 100. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இந்த மேலச்சில் போலிகள் உண்டு. நிபுணர் சான்று இல்லாமல் யாரும் பெருவிலை தரமாட்டார்கள்.

விலை பேசுமுன் வியாபாரி தபால்தலையைத் திருப்பிப் பார்ப்பார். பயன்படுத்தாத தலையென்றால் பின்புறப் பசை கலையாமல் இருக்க வேண்டும். ஆல்பத்தில் ஒட்டிய ஹிஞ்ச் காகிதத்தின் தடம் இருந்தாலே விலை சரியும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை பழுப்பேறும், தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்தாலும் குறைதான்.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் விலையைக் கூட்டிப் பார்த்துப் பூரித்துப் போகிறவர்கள் பலர். ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலில் இருப்பது, நல்ல நிலையிலுள்ள தலையை அந்த நிறுவனம் விற்கும் விலை. வாங்கும் விலை அல்ல. வீட்டு ஆல்பத்துக்குக் கைக்கு வருவது அதில் ஒரு பங்குதான்.

1960-களில் அஜ்மான், ஃபுஜைரா போன்ற வளைகுடா ஆட்சிப்பகுதிகள் சேகரிப்பாளர்களை நம்பியே வண்ணவண்ணமாக வெளியிட்டவற்றுக்கு அநேகமாக மதிப்பே இல்லை. மூலையில் அச்சுப் பிசகாத முத்திரை, பின்னால் கலையாத பசை: தபாலில் போகாமலே முத்திரை வாங்கியவை அவை.

பழைய கடித உறை கிடைத்தால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டாம். ஊர், தேதி, போன வழி எல்லாம் உறையில்தான் இருக்கின்றன. பல சமயம் தலையைவிட உறைக்கே விலை அதிகம்.